டவுன்ஷிப்பில் வீடு வாங்கும் முன் சோனிங் வரைபடத்தைப் படிப்பது எப்படி?

வீடு பார்க்கப் போனால் ஏஜென்ட் பின்கதவைத் திறந்து காட்டுவார். புல்வெளி, அதற்கப்பால் நாலு மரம், மரத்துக்கு அப்பால் சோளக்காடு. கோடையில் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். அந்தச் சோளக்காடு யாருடையது, அதில் நாளை என்ன கட்டலாம் என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் ஏஜென்ட்டிடமிருந்து உறுதியான பதில் வராது. பதில் டவுன்ஷிப் என்ற உள்ளாட்சி அமைப்பின் சோனிங் சட்டத்தில், அதாவது ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் சட்டத்தில் இருக்கிறது. அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொது ஆவணம். இணையத்திலேயே கிடைக்கும், படிக்கக் காசும் இல்லை.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மிச்சிகன், ஒஹாயோ மாநிலங்களில் குடியேறியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அங்கெல்லாம் டவுன்ஷிப்புக்கே சோனிங் அதிகாரம் உண்டு. இண்டியானா, இல்லினாய் பக்கம் டவுன்ஷிப் என்ற பெயர் இருந்தாலும் இந்த வேலையைப் பெரும்பாலும் கவுன்ட்டியோ (நம் மாவட்டம் போன்றது) நகரமோ பார்த்துக்கொள்கிறது. மிச்சிகனிலும் ஒஹாயோவிலும்கூட சில டவுன்ஷிப்புகள் சோனிங்கைக் கவுன்ட்டியிடம் விட்டுவிட்டன.

உங்கள் வீடு எந்த டவுன்ஷிப்பில் இருக்கிறது?

தபால் முகவரியை நம்பாதீர்கள். நியூ ஜெர்சியில் ஐசலின் என்ற முகவரியில் இருக்கும் வீடு வுட்பிரிட்ஜ் டவுன்ஷிப்புக்கு உட்பட்டது. கெண்டல் பார்க் சவுத் பிரன்ஸ்விக்கில் வரும், பிரின்ஸ்டன் ஜங்ஷன் வெஸ்ட் விண்ட்சரில் வரும். மிச்சிகனில் பிளைமத் நகரம் வேறு, பிளைமத் டவுன்ஷிப் வேறு. பெயர் ஒன்று என்பதற்காக ஒன்றின் விதியை மற்றதற்குப் பார்த்துவிடக் கூடாது.

சொத்து வரி ரசீதைப் பாருங்கள். வரி எந்த டவுன்ஷிப்புக்குப் போகிறதோ அதன் சட்டம்தான் உங்களுக்கு. மனையின் அடையாள எண்ணும் அதிலேயே இருக்கும்: நியூ ஜெர்சியில் பிளாக், லாட் என்று இரண்டு எண்கள், மற்ற மாநிலங்களில் பார்சல் எண். இனி எல்லா இடத்திலும் கேட்கப்போவது இந்த எண்ணைத்தான்.

வரைபடத்தையும் சட்டத்தையும் சேர்த்து வைத்துப் படியுங்கள்

டவுன்ஷிப் இணையதளத்தில் சோனிங் மேப் என்று ஒரு வண்ண வரைபடம் இருக்கும். மஞ்சள் குடியிருப்பு, சிவப்பு வணிகம், ஊதா தொழிற்பகுதி என்பது பொதுவான வழக்கம். ஆனால் ஓரத்தில் உள்ள குறியீட்டு விளக்கத்தைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். உங்கள் மனை மேல் என்ன எழுத்து விழுகிறது என்று குறித்துக்கொண்டு, சட்டத்தின் உரையில் அந்த எழுத்துக்கான அத்தியாயத்தைத் திறக்க வேண்டும். பல டவுன்ஷிப்புகள் தங்கள் சட்டத்தை ஈகோட்360, மியூனிகோட் தளங்களில் வைத்திருக்கின்றன. வரைபடத்தில் கடைசியாகத் திருத்திய தேதியையும் பாருங்கள். அதற்குப் பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா என்று சோனிங் அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் எழுத்திலேயே பதில் கிடைக்கும். தொலைபேசியில் கேட்டதை விட அந்த மின்னஞ்சல் மதிப்புள்ளது.

ஊரை இப்படித் துண்டு போடும் வழக்கத்துக்கு நூறாண்டு வயது. 1916-ல் நியூயார்க் நகரம் முழு நகரத்துக்குமான சோனிங் சட்டம் கொண்டுவந்தது. ஒஹாயோவில் கிளீவ்லேண்டை ஒட்டிய யூக்ளிட் என்ற சிற்றூர் 1922-ல் அதேபோல் செய்தபோது, அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் ரியல்ட்டி நிறுவனம், தன் நிலத்தின் மதிப்பு போயிற்று என்று வழக்குப் போட்டது. 1926-ல் உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. தனி வீடுகள் உள்ள பகுதியில் வரும் அடுக்குமாடியை ஒட்டுண்ணி என்றே அந்தத் தீர்ப்பு வர்ணித்தது. இன்றும் பல டவுன்ஷிப் வரைபடங்களில் பெரும்பகுதி தனி வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

எழுத்தை வைத்து ஊகிக்காதீர்கள்

குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும் ஆர்-1 என்றால் எல்லா ஊரிலும் ஒரே பொருள் என்று நினைப்பது புதியவர்களிடம் அதிகம். ஒவ்வொரு டவுன்ஷிப்பும் தன் எழுத்துகளைத் தானே வைத்துக்கொள்கிறது. ஓர் ஊரின் ஆர்-1-க்கு இரண்டு ஏக்கர் வேண்டும், பக்கத்து ஊரில் கால் ஏக்கர் போதும். சில இடங்களில் ஆர்-40 என்று இருந்தால் 40,000 சதுர அடி மனை என்று பொருள். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி, அதாவது நமக்குப் பழகிய கணக்கில் 100 சென்ட்.

மிக அதிகமாக ஏமாற்றும் எழுத்து ஏஜி, அதாவது விவசாயப் பகுதி. பச்சையாக வண்ணம் தீட்டியிருப்பதால் அது என்றென்றும் வயலாகவே இருக்கும் என்று தோன்றும். பல டவுன்ஷிப்புகளில் அதே பகுதியில் பெரிய மனைகளில் வீடு கட்ட அனுமதி உண்டு. ஊராட்சி நினைத்தால் நாளை அந்த எழுத்தையே மாற்றலாம். உண்மையில் காக்கப்பட்ட வயல் என்றால், உரிமையாளர் கட்டுமான உரிமையை அரசுக்கோ அறக்கட்டளைக்கோ கொடுத்து அதைப் பத்திரத்திலேயே பதிந்திருப்பார். அதைக் கவுன்ட்டி பதிவாளர் அலுவலகத்தில் தேடிப் பார்க்கலாம். பத்திரத்தில் இல்லையென்றால் அந்தச் சோளக்காட்டுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

உண்மையான விவசாயத்துக்குப் பக்கத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐம்பது மாநிலங்களிலும் விவசாயியின் உரிமையைக் காக்கும் சட்டம் உண்டு. எரு நாற்றம், விடியற்கால டிராக்டர் சத்தம் என்று புகார் கொடுத்தால் பெரும்பாலும் எடுபடாது. ஒஹாயோவில் 5 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் நடக்கும் விவசாயத்தை டவுன்ஷிப் சோனிங் தடுக்கவே முடியாது.

மூன்று பட்டியல்கள்

ஒவ்வொரு பகுதிக்கும் சட்டத்தில் மூன்று பட்டியல் இருக்கும். முதலாவது அனுமதிக்கப்பட்ட பயன்பாடு. இதில் பெயர் இருந்து, அளவு விதிகளும் பொருந்தினால் அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். இரண்டாவது துணைப் பயன்பாடு: கராஜ், ஷெட், நீச்சல் குளம் போன்றவை. முதன்மைக் கட்டடம் இல்லாமல் இவை மட்டும் நிற்கக் கூடாது. காலி மனை வாங்கி முதலில் ஷெட் போடலாம் என்று கிளம்புகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். மூன்றாவது நிபந்தனையோடு அனுமதிக்கும் பயன்பாடு. கோயில், தேவாலயம், பள்ளி, குழந்தைகள் காப்பகம் பெரும்பாலும் இதில் வரும். நிபந்தனைகள் பூர்த்தியானால் அனுமதி, ஆனால் பொது விசாரணை உண்டு.

பொதுவாக, மூன்றிலும் பெயர் இல்லாதது தடை செய்யப்பட்டது. "வேண்டாம் என்று எங்கும் எழுதவில்லையே" என்ற வாதம் இங்கே செல்லாது.

நம்மவர்கள் அதிகம் கேட்பது வீட்டுத் தொழில் பற்றி. பேஸ்மென்ட்டில் பரதநாட்டிய வகுப்பு, கணக்கு டியூஷன், வார இறுதி கேட்டரிங். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை செய்வதை யாரும் கேட்பதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு எட்டுக் கார்கள் தெருவில் வரிசையாக நின்றால், நாலாவது வாரம் யாராவது டவுன்ஷிப்புக்குப் போன் போடுவார்கள். வீட்டுத் தொழில் விதியில் வழக்கமாகப் பார்ப்பவை இவை: வீட்டில் எத்தனை சதவீதம் இடம் எடுத்துக்கொள்கிறீர்கள், வெளியாட்களை வேலைக்கு வைக்கிறீர்களா, ஒரு நேரத்தில் எத்தனை மாணவர்கள், பலகை வைக்கிறீர்களா, கார் எங்கே நிற்கிறது. வகுப்புகளுக்கு இடையே கால் மணி நேர இடைவெளி விட்டு, கார்களை டிரைவ்வேயிலேயே நிறுத்தச் சொன்னால் பாதிப் பிரச்சினை வராது. சமையல் தொழில் என்றால் சுகாதாரத் துறை அனுமதி தனி விஷயம். வீட்டிலேயே நடத்தும் சிறிய குழந்தைகள் காப்பகத்துக்கு மட்டும் நியூ ஜெர்சி, மிச்சிகன் போன்ற மாநிலங்கள் தனிப் பாதுகாப்பு கொடுத்திருக்கின்றன. மாநில அளவில் உரிய பதிவு இருந்தால் குடியிருப்புப் பகுதியில் அதை டவுன்ஷிப் தடுக்க முடியாது.

கோயில் கட்ட நிலம் தேடும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. 2000-ல் வந்த மத்திய சட்டம் ஒன்று, சோனிங் என்ற பெயரில் வழிபாட்டு இடங்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நியூ ஜெர்சியின் பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப் ஒரு மசூதி விண்ணப்பத்தை மறுத்த வழக்கில் முக்கியமான சண்டை பார்க்கிங் எண்ணிக்கை பற்றியது. தேவாலயங்களுக்கு மூன்று இருக்கைக்கு ஒரு கார் இடம் என்று கணக்கிட்டுவிட்டு, மசூதிக்கு வேறு கணக்குப் போட்டது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2017-ல் டவுன்ஷிப் 32.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஆனால் இந்தச் சட்டத்தைக் காட்டி நியாயமான பார்க்கிங், வடிகால் விதிகளைத் தாண்டிவிட முடியாது.

எண்களைக் கூட்டிப் பாருங்கள்

பயன்பாடு சரி என்றானதும் அட்டவணைக்கு வாருங்கள். குறைந்தபட்ச மனை அளவு, அகலம், உயரம், நாலு பக்கமும் விட வேண்டிய செட்பேக், மனையில் எத்தனை சதவீதம் மூடலாம் என்ற வரம்பு எல்லாம் அதில் இருக்கும்.

ஒரு கற்பனை மனையை எடுத்துக்கொள்வோம். அகலம் 100 அடி, ஆழம் 150 அடி, மொத்தம் 15,000 சதுர அடி. முன்னும் பின்னும் 40 அடி, பக்கவாட்டில் 10 அடி வீதம் விட வேண்டும் என்றால், வீடு நிற்கக்கூடிய பெட்டி 80-க்கு 70 அடி, அதாவது 5,600 சதுர அடி. நிறைய இடம் இருப்பதுபோல் தெரிகிறது. அப்புறம் அடுத்த வரியைப் படித்தால், நீர் உறிஞ்சாத பரப்பு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. 3,750 சதுர அடி. வீட்டின் அடித்தளம் 1,800, கராஜ் 450, டிரைவ்வே 800, நடைபாதையும் பழைய பாட்டியோவும் (வீட்டை ஒட்டித் தளம் போட்ட திறந்தவெளி) 400. கூட்டினால் 3,450. மிச்சம் வெறும் 300. கோடையில் விருந்து வைக்க 20-க்கு 20 அடியில் பேவர் கல் பதித்தால் 400 சதுர அடி, 100 சதுர அடி மீறல். கல் பதிக்கும் ஒப்பந்தக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அவர் செட்பேக் மட்டும் அளந்துவிட்டு "தாராளமா இடம் இருக்கு" என்பார்.

எந்தெந்தப் பரப்பைக் கணக்கில் சேர்ப்பது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். சல்லி பரப்பிய தரை, இடைவெளி விட்ட மர டெக், நீச்சல் குளத்தின் நீர்ப்பரப்பு ஆகியவற்றை ஓர் ஊர் சேர்க்கும், இன்னோர் ஊர் விட்டுவிடும். சட்டத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கும் சொல் வரையறைகளைப் படிக்காமல் கணக்குப் போடாதீர்கள். சலிப்பூட்டும் பகுதிதான், ஆனால் வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் அங்கே.

எங்கிருந்து அளப்பது? தார்ச் சாலை ஓரத்திலிருந்து அல்ல. சாலைக்கென ஒதுக்கிய நிலம் 50 அடி, தார் போட்டது 30 அடி என்றால், இரு பக்கமும் 10 அடி பொது நிலம். நீங்கள் புல் வெட்டும் முன்புறத்தின் ஒரு பட்டை உங்களுடையதே அல்ல. செட்பேக் அதற்கு அப்புறம்தான் தொடங்கும். வீடு வாங்கும்போது நில அளவை வரைபடம் வேண்டாம் என்று சில நூறு டாலர் மிச்சம் பிடிப்பதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மூலை மனைக்குக் கூடுதல் எச்சரிக்கை. பல டவுன்ஷிப்புகளில் இரண்டு தெருவை ஒட்டிய இரண்டு பக்கமும் முன்புறமாகவே கருதப்படும். பின்கட்டில் 6 அடி வேலி போடலாம், முன்புறத்தில் 4 அடிதான் என்று விதி இருந்தால், உங்கள் பக்கவாட்டு வேலியும் 4 அடிதான்.

சோனிங்குக்கு வெளியே உள்ளவை

வெள்ள அபாய வரைபடத்தை மத்திய பேரிடர் அமைப்பான ஃபீமாவின் தளத்தில் பாருங்கள். ஏ எழுத்தில் தொடங்கும் பகுதி என்றால் எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு. அதை நூறாண்டு வெள்ளம் என்று சொல்வதால் நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். முப்பது வருட வீட்டுக் கடன் காலத்தில் கணக்கிட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு. சதுப்பு நிலம், மின்கம்பி அல்லது வடிகாலுக்கான ஈஸ்மென்ட் (உங்கள் நிலத்தைப் பிறர் பயன்படுத்தும் உரிமை), செப்டிக் டேங்க் இடம் ஆகியவை தனித்தனிக் கட்டுப்பாடுகள். ஹெச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அதன் விதி டவுன்ஷிப் விதியை விடக் கடுமையாக இருக்கலாம். இரண்டிடமும் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டும், ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

சோனிங் பெர்மிட்டும் கட்டட பெர்மிட்டும்கூட வேறு வேறு. முதலாவது எங்கே, எவ்வளவு என்று பார்க்கும். இரண்டாவது எப்படிக் கட்டுகிறீர்கள் என்று பார்க்கும். சிறிய ஷெட்டுக்குக் கட்டட பெர்மிட் தேவையில்லாத ஊரிலும் சோனிங் பெர்மிட் தேவைப்படலாம்.

'முடியாது' என்று பதில் வந்தால்

உங்கள் கட்டட வரைபடத்தைச் சிறிது மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். பாட்டியோவை 100 சதுர அடி குறைப்பது எந்த விண்ணப்பத்தையும் விட மலிவு. அப்படியும் முடியாவிட்டால் வேரியன்ஸ், அதாவது விதிவிலக்கு கேட்டு சோனிங் வாரியத்துக்குப் போகலாம்.

வாரியம் கேட்கும் முதல் கேள்வி: இந்த நிலத்தில் என்ன சிக்கல்? மனை கோணலாக இருக்கிறது, பின்பக்கம் செங்குத்தான சரிவு, நடுவில் ஓடை என்றால் வாதம் நிற்கும். குடும்பம் பெரிதாகிவிட்டது, பெற்றோர் வந்து தங்கப் போகிறார்கள் என்பது மனிதருக்குப் புரியும், சட்டத்துக்குப் போதாது. தெரியாமல் கான்கிரீட் போட்டுவிட்டேன் என்பதோ நீங்களே வரவழைத்துக்கொண்ட சிக்கல், அதற்கு எங்கும் மரியாதை கிடையாது.

அளவில் விலக்கு கேட்பது ஒப்பீட்டளவில் எளிது, பயன்பாட்டில் விலக்கு கேட்பது கடினம். நியூ ஜெர்சியில் ஏழு பேர் கொண்ட வாரியத்தில் பயன்பாட்டு விலக்குக்கு ஐந்து பேர் ஆதரிக்க வேண்டும். அன்றிரவு ஐந்து பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் எல்லோரும் 'ஆம்' சொல்ல வேண்டும். விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்பது புத்திசாலித்தனம். மிச்சிகனின் பல டவுன்ஷிப்புகளில் பயன்பாட்டு விலக்கு என்பதே இல்லை.

வாங்கப்போகும் வீட்டில் முந்தையவர் எதையோ விதிக்கு மாறாக வைத்திருந்தால், அது சட்டம் வருவதற்கு முன்பே இருந்ததா, அனுமதி வாங்காமல் பிறகு கட்டியதா என்று கேளுங்கள். முதலாவது என்றால் அப்படியே தொடரலாம், பெரிதாக்க முடியாது, கைவிட்டால் உரிமை போய்விடும். இரண்டாவது என்றால் வீட்டோடு சேர்த்துப் பிரச்சினையையும் வாங்குகிறீர்கள்.

பக்கத்து நிலத்தை யார் பார்ப்பது?

என்னைக் கேட்டால் சோனிங்கைப் படிப்பதன் பெரும் பயன் இங்கேதான். உங்கள் மனையில் என்ன கட்டலாம் என்பது உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் நிம்மதியைப் பாதிக்கப்போவது சுற்றியுள்ள நிலங்கள். நியூ ஜெர்சி டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையின் 8ஏ வெளியேற்றத்தைச் சுற்றி, கிரான்பரி, மன்ரோ, சவுத் பிரன்ஸ்விக் பகுதிகளில் கிடங்குகள் எப்படிப் பெருகின என்று அங்கே வசிப்பவர்களைக் கேளுங்கள். நெடுஞ்சாலைக்கு அருகே தொழிற்பகுதி என்று வண்ணமிட்ட காலி நிலம் எத்தனை வருடம் காலியாக இருந்தாலும் அதன் வண்ணம்தான் அதன் எதிர்காலம்.

ஆகவே வாங்கப்போகும் மனையைச் சுற்றி அரை மைல் வரை ஒவ்வொரு பகுதியின் எழுத்தையும் பாருங்கள். பிறகு மாஸ்டர் பிளானைத் திறங்கள். சோனிங் வரைபடம் இன்றைக்கு என்ன செய்யலாம் என்று சொல்லும். மாஸ்டர் பிளான் பத்துப் பதினைந்து வருடத்தில் ஊர் எப்படி ஆக வேண்டும் என்று சொல்லும். இரண்டும் ஒரு நிலத்துக்கு வேறு வேறு வண்ணம் காட்டினால் அங்கே மாற்றம் வரப்போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகனில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும், நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் பத்து ஆண்டுக்கு ஒருமுறையும் திட்டத்தை மறுஆய்வு செய்ய வேண்டும்.

நியூ ஜெர்சியில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. பெரிய மனை, தனி வீடு என்று மட்டும் வைத்து எளியவர்களை வெளியே நிறுத்திய மவுன்ட் லாரல் டவுன்ஷிப்புக்கு எதிராக 1975-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடுகளில் ஒவ்வோர் ஊரும் தன் பங்கை ஏற்க வேண்டும் என்ற கடமை அதிலிருந்து வந்தது. அதன் பத்தாண்டுச் சுற்று ஒன்று 2025 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. மூடிய கடைவளாகமும் பழைய அலுவலகப் பூங்காவும் அடுக்குமாடியாக மாறுவது இதனால்தான். இதில் எனக்குக் குறையில்லை, வாடகைக்கு வீடு தேடி அலைந்த எவருக்கும் இருக்காது. ஆனால் எங்கே வருகிறது என்று தெரிந்து வாங்குவது நல்லது. பென்சில்வேனியாவிலும் சட்டபூர்வமான எந்தப் பயன்பாட்டையும் ஊரிலிருந்து முழுதாக விலக்கி வைக்க முடியாது, எங்காவது ஓரிடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

வீடு வாங்கியபின் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். நியூ ஜெர்சியில் 200 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கு விசாரணைக்குப் பத்து நாள் முன்பும், மிச்சிகனில் 300 அடிக்குள் உள்ளவர்களுக்குப் பதினைந்து நாள் முன்பும் அறிவிக்க வேண்டும். பென்சில்வேனியாவில் அந்த நிலத்திலேயே ஒரு வாரத்துக்கு முன் அறிவிப்பு ஒட்ட வேண்டும்.

விசாரணையில் பேசக் குடியுரிமை வேண்டாம், ஹெச்-1பி விசாவில் இருப்பவரும் பேசலாம். வாடகைக்கு இருப்பவரும் பேசலாம். மிச்சிகனில் சோனிங் மாற்றத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகும் மனுவில் கையெழுத்துப் போட மட்டும் பதிவு பெற்ற வாக்காளராக இருக்க வேண்டும்.

என்ன பேசுவது? "எங்களுக்கு இது வேண்டாம்" என்பதை வாரியம் தலையாட்டிக் கேட்டுவிட்டு மறந்துவிடும். வடிகால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், லாரிகள் எந்தத் தெரு வழியே எத்தனை மணிக்கு வரும், விளக்கின் வெளிச்சம் வேலி தாண்டுமா, மரத்தடுப்பு எத்தனை அடி என்று கேளுங்கள். மழை நின்ற மறுநாள் உங்கள் பின்கட்டில் தண்ணீர் தேங்கிய புகைப்படத்தைத் தேதியோடு கொடுங்கள். நிபந்தனை விதிக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு, அந்த நிபந்தனைகளில்தான் உங்கள் பேச்சு பலன் தரும்.

ஏனென்றால் விதிகள் எல்லாம் பொருந்திய விண்ணப்பத்தை அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நிராகரிக்க முடியாது. நியூ ஜெர்சியில் விண்ணப்பம் கொடுத்த நாளில் இருந்த விதியே பொருந்தும். பிறகு கூடிப் பேசிச் சட்டத்தை மாற்றினாலும் அந்த விண்ணப்பத்தைத் தொடாது. வண்ணத்தையே மாற்ற வேண்டும் என்றால் மாஸ்டர் பிளான் கூட்டங்களுக்குப் போக வேண்டும். அங்கே கூட்டமே இருக்காது. பத்துப் பேர் வந்தாலே கவனிப்பார்கள்.

தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் மேல்முறையீட்டுக் காலம் குறைவு. பென்சில்வேனியாவில் முப்பது நாள். நியூ ஜெர்சியில் முடிவு பத்திரிகையில் வெளியான நாளிலிருந்து நாற்பத்தைந்து நாள். மிச்சிகனில் எழுத்து வடிவ முடிவு வந்து முப்பது நாள். முடிவின் நகலை டவுன்ஷிப் கிளார்க்கிடம் அந்த வாரமே வாங்கி, நில உபயோக வழக்குகளை மட்டும் பார்க்கும் உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வீடு வாங்கியபோது பத்திரம் முடித்துக்கொடுத்த வழக்கறிஞருக்கு இந்த வேலை பழக்கமில்லாமல் இருக்கலாம்.